நாற்காலியிலிருந்து எழும் நேரம்: 1954 துப்பாக்கிச்சூடும் நம் அரசியலும்



அய்யன்காளியின் பெயரால் நடக்கும் நினைவுச் சொற்பொழிவு இது. அவர் கேரளத்துக்காரர், நமக்கு அயலார் என்ற எண்ணம் நம் பிள்ளைகள் பலரிடம் இருக்கிறது. 1941இல் அவர் இறந்தபோது அவர் பிறந்த வெங்ஙானூரும் நாம் கூடியிருக்கும் இந்தக் கடற்கரையும் ஒரே திருவிதாங்கூர். ஒரே மகாராஜா, ஒரே தீண்டாமை. 1893இல் அவர் வில்லுவண்டியில் ஏறி நமக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் போனார் என்றால், அது நமக்காகவும் போன வண்டிதான்.

வண்டியைப் பேசுகிறோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று அவர் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பேசுகிறோம். அதே அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையில் நியமன உறுப்பினராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்தவர் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். அது ஓட்டு வாங்கிப் பெற்ற இடம் கிடையாது. அரசு கூப்பிட்டுக் கொடுத்த இடம். அந்த அரசுதான் தீண்டாமையையும் காத்து நின்றது. அப்படியானால் அவர் அங்கே போய் உட்கார்ந்தது சமரசமா? எங்கள் தலைமுறை களப்பணியாளர்களிடம் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. வேறு பெயர்களை வைத்துக் கேட்கிறார்கள். "நம்ம ஆளு அந்தக் கூட்டணிக்குப் போயிட்டாரே, இது சரியா?" என்று கேட்கிறார்கள்.

பதவி ஆசை, அதற்காகச் செய்யும் சமரசம், அந்தச் சமரசம் எந்த இடத்தில் துரோகமாகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. சினிமாவில் இது எளிது. நல்லவனாக வந்தவன் இடைவேளைக்குப் பிறகு கெட்டவனாவான், நாமும் எழுந்து வீட்டுக்குப் போவோம். நிஜத்தில் அவ்வளவு துலக்கமாக எதுவும் நடப்பதில்லை. எனவே நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து அதிகத் தூரம் இல்லாத மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் 1954 ஆகஸ்டு 11ஆம் தேதி நடந்த துப்பாக்கிச்சூடு அது. சுடப்பட்டவர்களை ஆண்டுதோறும் நினைவு கூர்கிறோம். சுட்ட அரசுக்குள் என்ன நடந்தது என்று கேட்பது குறைவு. இன்று அதைக் கேட்போம்.

பத்தொன்பது பேரின் ஆட்சி

1954 தொடக்கத்தில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 117 இடங்கள். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் கட்சி 23, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி 19, தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நின்ற நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12, ஆர்.எஸ்.பி. 9. மீதி இடங்கள் சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் போயின. யாருக்கும் பெரும்பான்மை இல்லை.

பிரஜா சோஷலிஸ்ட் கட்சி தேர்தலில் இடதுசாரிகளோடு தொகுதி உடன்பாடு வைத்து காங்கிரசை எதிர்த்து நின்றது. முடிவு வந்ததும் கணக்கு மாறியது. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்று நினைத்த காங்கிரஸ், 45 பேரை வைத்துக்கொண்டு வெளியில் நின்று, 19 பேர் கட்சியின் தலைவரை முதலமைச்சராக்கியது. மார்ச் 16ஆம் தேதி பட்டம் தாணுபிள்ளை பதவியேற்றார்.

பட்டத்தைச் சாதாரணப் பதவி வேட்டைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. 1938இல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தபோது அதன் முதல் தலைவர் அவர். திவான் சி.பி. ராமசாமி ஐயரின் அடக்குமுறையை எதிர்த்துச் சிறை போனவர். 1948இல் மக்கள் ஓட்டு வழியாக வந்த முதல் பிரதமர் அவர்தான். அப்போது திருவிதாங்கூரில் முதலமைச்சரைப் பிரதமர் என்றே அழைத்தார்கள். சில மாதங்களிலேயே சொந்தக் கட்சிக்காரர்கள் அவரை இறக்கினார்கள். காங்கிரசை விட்டு வெளியேறி சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து அதே நாற்காலி திரும்பக் கிடைத்தது. ஒரு முறை பிடுங்கப்பட்ட நாற்காலியில் மறுபடி உட்காருகிறவர் அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்வார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு தமிழ்த் தாலுகாக்களின் போராட்டம் உச்சத்துக்குப் போனது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. ஜூலையில் தேவிகுளம் பகுதியில் தடையை மீறி நேசமணி உள்ளிட்ட தலைவர்கள் கைதானார்கள். ஆகஸ்டு 11ஐ விடுதலை நாளாக அறிவித்து தென் திருவிதாங்கூர் முழுக்க ஊர்வலங்கள் கிளம்பின. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்களின் எண்ணிக்கையாக அரசு சொன்னது ஒன்று, ஊர் சொல்வது வேறொன்று. அதற்குப் பிறகு வீடு வீடாகப் போலீஸ் தேடுதல், கைது, அடி. சோஷலிஸ்ட் கட்சி ஆளும் ராஜ்ஜியத்தில் இதெல்லாம் நடந்தது.

சிறையிலிருந்து வந்த தந்தி

அப்போது அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. உத்தரப் பிரதேசத்தில் பாசன வரி உயர்வை எதிர்த்த போராட்டத்தில் கைதாகி நைனி சிறையில் இருந்தார். துப்பாக்கிச்சூட்டுச் செய்தி கேட்டதும் பட்டத்துக்குத் தந்தி அனுப்பினார். ஆட்சி ராஜினாமா செய்ய வேண்டும், நீதி விசாரணை நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். காங்கிரஸ் அரசுகள் சுடும்போதெல்லாம் கண்டித்த கட்சி நாம், நம் அரசு சுட்டால் அது மட்டும் எப்படி நியாயமாகும் என்பது அவர் வாதம்.

பட்டம் ராஜினாமா செய்யவில்லை. கூட்டம் வன்முறையில் இறங்கியது, போலீசுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது அரசுத் தரப்பு. கட்சியின் பெரிய தலைவர்கள் பலர் அவர் பக்கம் நின்றார்கள். போலீஸ் சுட்ட ஒவ்வொரு தடவையும் ஆட்சி விலக வேண்டும் என்றால் யாரால் ஆள முடியும் என்று கேட்டார்கள். இந்தியாவில் சோஷலிஸ்டுகளுக்குக் கிடைத்த ஒரே ஆட்சி இது, இதையும் நாமே கவிழ்ப்பதா என்றும் கேட்டார்கள். 1954 நவம்பரில் நாக்பூரில் கூடிய கட்சி மாநாட்டிலும் பெரும்பான்மை லோகியாவின் பக்கம் நிற்கவில்லை. அவர் பொதுச்செயலாளர் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு கட்சியே உடைந்தது. 1955 கடைசியில் லோகியா ஐதராபாத்தில் தனிக் கட்சி தொடங்கினார்.

எந்த ஆட்சியைக் காப்பாற்றுவதற்காக இவ்வளவும் நடந்ததோ அந்த ஆட்சி 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது. பதினோரு மாதம்கூட முழுசாக நிற்கவில்லை. வெளியிலிருந்து தாங்கிய காங்கிரசுக்குத் தேவை தீர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டது.

பட்டம் அதோடு முடிந்துவிடவில்லை. 1957இல் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி கலைக்கப்பட்ட பின், 1960இல் காங்கிரசோடு கூட்டணி சேர்ந்து மூன்றாம் முறையாக ஆட்சித் தலைவரானார். 1962இல் அவரைப் பஞ்சாபுக்கு ஆளுநராக அனுப்பினார்கள். அவர் இடத்தில் காங்கிரஸ்காரர் ஒருவர் கேரள முதலமைச்சரானார். ஆளுநர் மாளிகையும் ஒரு நாற்காலிதான். இன்னொரு நாற்காலியைக் காலி செய்யச் சொல்லாமல் சொல்லும் வழி அது.

லோகியாவையும் தட்டில் வைத்துக் கும்பிட வேண்டியதில்லை. கட்சிக்குள் அசோக் மேத்தா போன்றவர்களோடு அவருக்கு ஏற்கெனவே தகராறு இருந்தது. அந்தச் சண்டைக்கு இந்தத் துப்பாக்கிச்சூட்டை ஆயுதமாக எடுத்தார் என்று எதிரணியினர் சொன்னார்கள். அவரே பின்னாளில் காங்கிரசை வீழ்த்துவது ஒன்றே குறி என்று ஜனசங்கத்தோடு கை கோத்தவர். அதன் விளைவை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். ஆனாலும் 1954இல் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கேட்டவரின் குறைகள் கேள்வியைப் பொய்யாக்கிவிடாது.

சமரசம் எப்படி வேலை செய்கிறது

சமூகவியல் படித்த மாணவர்களுக்கு மாக்ஸ் வெபரின் பெயர் தெரிந்திருக்கும். 1919இல் மியூனிக்கில் மாணவர்களிடம் அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றிப் பேசியபோது அவர் இரண்டு அறங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று கொள்கையின் அறம்: சரியானதைச் செய், விளைவு எப்படியோ ஆகட்டும். மற்றது பொறுப்பின் அறம்: செய்வதன் விளைவுக்கு நீ பதில் சொல். பட்டத்தை ஆதரித்தவர்கள் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். ஆட்சியில் இருப்பவனுக்குப் பொறுப்பு உண்டு, வெளியில் இருப்பவன் எதையும் பேசலாம் என்றார்கள். ஆனால் வெபர் அங்கே நிறுத்தவில்லை. பொறுப்பை உண்மையாகச் சுமக்கிற மனிதனும் ஏதோ ஓர் இடத்தில் 'இதற்கு மேல் என்னால் முடியாது' என்று நின்றுவிடுவான், அந்த இடத்தில் இரண்டு அறங்களும் சேர்ந்துவிடுகின்றன என்றார். அப்படி நிற்கும் இடமே இல்லாத அரசியல்வாதியிடம் 'பொறுப்பு' என்ற சொல் வெறும் சாக்கு.

பட்டத்தின் கதையில் அந்தச் சாக்கு எப்படிப் படிப்படியாக உருவாகிறது என்று பாருங்கள். முதல் படி, 'பெரிய தீமையைத் தடுக்கச் சின்னத் தீமை'. கம்யூனிஸ்டுகள் வரக் கூடாது, அதற்காக நேற்று வரை எதிர்த்தவர்களின் தோளில் ஏறலாம். இரண்டாம் படி, நம்மைத் தூக்கி நிறுத்தியவர்களின் கோபத்துக்கு ஆளாகாமல் இருப்பதே ஆட்சியின் முதல் வேலையாகிவிடுவது. மூன்றாம் படி, மொழி மாறுவது. நேற்று 'மக்கள்' என்று சொன்ன வாய் இன்று 'கும்பல்' என்கிறது. நேற்று 'போலீஸ் அராஜகம்' என்று மேடையில் முழங்கியவர் இன்று 'சட்டம் ஒழுங்கு' என்கிறார். துப்பாக்கிச்சூடு நடந்த நாளில் சமரசம் தொடங்கவில்லை. அது மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ஆகஸ்டில் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நின்ற ஏழைகள்.

இந்த அறுபத்து நான்கு ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். 2018 மே 22ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போன மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, செய்தியைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அவருக்கு உயர் அதிகாரிகள் அவ்வப்போது தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அவர் சொன்னது உண்மைக்கு மாறானது என்றது அறிக்கை. 1954இல் குறைந்தபட்சம் ஆளும் கட்சிக்குள்ளிருந்து ஒருவர் 'விலகு' என்று தந்தியடித்தார். 2018இல் ஆளும் கட்சிக்குள் அப்படி ஒரு குரல் எழவில்லை. அந்தத் தந்தியின் மதிப்பு நமக்கு இங்கேதான் புரிகிறது.

எல்லைக்கு அப்பால் விடப்பட்டவர்கள்

1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி நெல்லைக்குப் போனது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

அந்த மலையில் இருந்த தமிழர்கள் யார்? தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். பெரும்பான்மையோர் தென் மாவட்டச் சேரிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன நம் மக்கள். அந்தத் தாலுகாக்களைக் கேட்டபோது மாநிலச் சீரமைப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. தோட்டங்களில் இருக்கும் தமிழர்களில் பெரும் பகுதி வந்து போகும் கூலிகள், நிலையான குடிகள் இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் அவர்கள் 'வந்து போகிறவர்கள்'. தோட்டத்தின் முதலாளி எத்தனை கடல் தாண்டி வந்தாலும் உரிமையாளர். அந்த மலை போனது பற்றித் தமிழ்நாட்டில் நீரைப் பற்றியும் அணையைப் பற்றியும் நிறையப் புலம்பினார்கள். லைன் வீட்டில் இருந்த சாதியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பேரம் நடக்கும் மேசையில் நம் ஆள் இல்லாதபோது முதலில் கைவிடப்படுவது நாம்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அந்த மலையின் பெண்கள் 2015 செப்டம்பரில் மூணாற்றில் இறங்கி உட்கார்ந்தார்கள். போனஸ் பாதியாகக் குறைந்தது உடனடிக் காரணம். ஆனால் கம்பெனியை எதிர்த்த அளவுக்குத் தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் எதிர்த்தார்கள். கம்பெனியிடம் சலுகை வாங்கியவர்கள் எங்களுக்காகப் பேச வேண்டாம் என்று எல்லாக் கட்சிச் சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் அண்டவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர். இருபது சதவீதம் என்று கேட்டதை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பிறகு உள்ளாட்சித் தேர்தலில் நின்றார்கள், சில இடங்களை வென்றார்கள், அதன் பின் தங்களுக்குள் உடைந்தார்கள். சமரசத்தை எதிர்த்துப் பிறந்த இயக்கமும் பதவியின் அருகில் போனதும் தடுமாறுகிறது. எனவே இது கெட்ட மனிதர்களின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நாற்காலி எல்லோரையும் சோதிக்கிறது.

ஆசைப்படுவது குற்றமா?

இங்கே ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். பதவிக்கு ஆசைப்படுவது குற்றமில்லை. 'நமக்கெதற்கு அரசியல், அது சாக்கடை' என்று சொல்லும் வசதி, தாத்தா காலத்திலிருந்து தாசில்தாரையும் இன்ஸ்பெக்டரையும் சொந்தத்தில் வைத்திருப்பவர்களுக்கு உண்டு. சேரியில் ஒரு சாவு விழுந்தால் சுடுகாட்டுப் பாதைக்குக் கலெக்டர் ஆபீசில் காத்துக் கிடக்கும் நமக்கு அது கிடையாது. அதனால்தான் அய்யன்காளி பிரஜா சபைக்குப் போனார். போய் என்ன செய்தார்? நம் மக்களுக்குத் தரிசு நிலம் கேட்டார், பள்ளிக்கூடம் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். சபைக்குப் போனதால் வயல்வெளியில் பேசிய பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

அம்பேத்கரைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க காங்கிரசை எதிர்த்தவர் 1947இல் நேருவின் அமைச்சரவையில் சட்ட அமைச்சரானார். 1951 செப்டம்பர் 27ஆம் தேதி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அக்டோபரில் அவர் வெளியிட்ட அறிக்கையை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டது, பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்பட்டது, பிற்படுத்தப்பட்டோருக்கான ஆணையம் அமைக்காதது, வெளியுறவுக் கொள்கை என்று காரணங்களை வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையிலேயே, தனக்குத் திட்டத் துறை தருவதாகச் சொல்லித் தரவில்லை என்ற மனக்குறையையும் மறைக்காமல் சொல்கிறார். ஆசை இருந்தது என்று ஊரறியச் சொல்லிவிட்டு, அந்த ஆசையைவிடப் பெரிய காரணத்துக்காக எழுந்து வருகிறார். 1952 தேர்தலில் பம்பாயில் தோற்றார். எழுந்து வந்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

அம்பேத்கரை 1946இல் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்ப உழைத்தவர் ஜோகேந்திரநாத் மண்டல். நிலமற்ற தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும் ஒரே வயலில் உழைக்கிறவர்கள், சேர்ந்து நிற்க முடியும் என்று நம்பி முஸ்லிம் லீக்கோடு போனவர். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர். அந்த நம்பிக்கையை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் கிழக்கு வங்காளத்தில் நம் மக்கள் மீது தாக்குதல்கள் தொடர்ந்தபோதும் அவர் பதவியில் இருந்தார். உள்ளே இருந்தால் ஏதாவது செய்யலாம் என்று இருந்தார். 1950 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்து அங்கிருந்து ராஜினாமாக் கடிதம் எழுதினார். நடந்த கொடுமைகளை ஒவ்வொன்றாக அடுக்கிய நீண்ட கடிதம் அது. அதை எழுதியபோது அவர் பின்னால் யாரும் இல்லை. அங்கே அவரைத் துரோகி என்றார்கள், இங்கே அவரை ஏற்கவில்லை. தாமதமாக எழுந்தவருக்கு அந்த நியாயம் முழுசாகக் கிடைக்கவில்லை.

மூன்று பேருமே ஆசையோடு போனவர்கள்தான். எதற்காக எழுவது என்பதில்தான் வேறுபட்டார்கள். பட்டம் எழவில்லை. மண்டல் தாமதமாக எழுந்தார். அம்பேத்கர் எழுந்ததோடு காரணத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

எழுவதும் எழுப்பப்படுவதும்

அப்படியானால் ராஜினாமாதான் அறத்தின் அடையாளமா? நம் அனுபவம் அப்படிச் சொல்ல விடாது. மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டம் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்க ஆதிக்கச் சாதியினர் விடவில்லை. வேட்பு மனுவே விழாமல் பார்த்துக்கொண்டார்கள். விழுந்த இடத்தில் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஒருவரை நிறுத்தி ஜெயிக்கவைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். 2006இல்தான் அது மாறியது. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் பதவியை விட மறுத்தார். ஜூன் 30ஆம் தேதி ஓடும் பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள்.

முருகேசனுக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே போராட்டம். பட்டத்துக்கு எழுந்திருப்பதுதான் போராட்டமாக இருந்திருக்கும். அதனால் 'பதவியை விட்டவன் உத்தமன், ஒட்டிக்கொண்டவன் துரோகி' என்ற வாய்ப்பாடு நமக்கு உதவாது. யார் எழச் சொல்கிறார்கள், யாருக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்க வேண்டும். ஆதிக்கம் எழச் சொன்னால் உட்கார வேண்டும். சுடப்பட்டவர்கள் எழச் சொன்னால் எழ வேண்டும்.

நம் கட்சிகளையும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கிவிட முடியாது. 1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டியது. ஒரு குழந்தையோடு சேர்த்து 17 பேர் செத்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் போலீசைக் குற்றவாளியாக்கவில்லை. அப்போது ஆண்டது தி.மு.க. அந்த ஊர்வலத்தின் முன்னணியில் நின்ற புதிய தமிழகம், இரண்டே ஆண்டுகளில், 2001 சட்டமன்றத் தேர்தலில் அதே தி.மு.க. கூட்டணியில் நின்றது. அந்தக் கூட்டணிக்குள் பா.ஜ.க.வும் இருந்தது. ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் அந்தக் கூட்டணியில்தான் நின்றார்கள். உதயசூரியன் சின்னத்தில் மங்களூரில் வென்ற திருமாவளவன், 2004இல் அந்தப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். பிற்காலத்தில் அவரும் பல கூட்டணிகளைக் கண்டவர்.

இவர்களைத் திட்டிவிட்டுக் கலைந்துபோவது எளிது. ஆனால் காரணத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. அந்த 44லும் வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சேரிக்கு வெளியே விழும் ஓட்டு. பெரிய கட்சியின் சின்னமும் பணமும் இல்லாமல் அங்கே நுழைய முடியாது. 1932 பூனா ஒப்பந்தம் நமக்குக் கொடுத்த அமைப்பு இது. அந்த ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டில், 1982இல், கான்சிராம் 'சம்சா யுகம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூலே எழுதினார். தனித்தொகுதியில் ஜெயிப்பவர் தன் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல், தன்னை நிறுத்தியவருக்கே பதில் சொல்பவராக ஆக்கப்படுகிறார் என்பது அவர் வாதம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் ஒன்றுகூடத் தனித்தொகுதி கிடையாது. இங்கே ஒரு தலித் சட்டமன்றத்துக்குப் போக வேண்டுமானால் கேட்க வேண்டிய கதவுகள் இன்னும் அதிகம். 19 பேரை வைத்து ஆண்ட பட்டத்தின் நிலையும் ஒரு விதத்தில் இதுதான். தன் பலத்தில் நிற்காதவர், தன்னைத் தாங்குகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முன்கூட்டியே கேட்க வேண்டியவை

ஆக, நம் பிரதிநிதிகளிடம் 'ஏன் அந்தக் கூட்டணிக்குப் போனாய்' என்று கேட்பதில் பாதி நேரத்தை வீணாக்குகிறோம். போவார்கள், போக வேண்டியும் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதற்காக எழுந்து வருவாய்? அதைப் பதவி கிடைத்த பிறகு கேட்டுப் பயனில்லை. போவதற்கு முன்னால், ஊர்க் கூட்டத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் வாங்க வேண்டும். கூட்டணி ஒப்பந்தத்தில் எத்தனை இடம், எந்தத் தொகுதி என்று எழுதுகிறார்கள். எந்தச் செயல் நடந்தால் ஒப்பந்தம் முறியும் என்பதையும் எழுதச் சொல்வோம். சேரிக்குள் போலீஸ் புகுந்து அடித்தால், சாதிக் கொலை வழக்கை ஆளும் கட்சி நீர்த்துப்போக வைத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு பதிவாகாமல் போனால், எத்தனை நாளில் என்ன செய்வாய்? இதற்குப் பதில் இல்லாதவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், ஆகஸ்டு 11 வரும்போது 'சட்டம் ஒழுங்கு' என்றுதான் சொல்வார்.

இரண்டாவது, கணக்குக் கேட்பது. சபையில் எந்த நாளில் என்ன பேசினார், எதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பதைச் சட்டமன்றக் குறிப்பேடுகளிலிருந்து எடுத்து ஊருக்குப் படித்துக்காட்டும் வேலையை மாணவர்கள் செய்ய முடியும். பிரஜா சபையில் அய்யன்காளி பேசியவை பதிவாகி இருப்பதால்தான் அவர் போனது சமரசமில்லை என்று நாம் இன்று துணிந்து சொல்ல முடிகிறது.

மூன்றாவது, கேட்பவர்களின் பலம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் இந்தக் கரையிலிருந்து போனவர்கள் திரும்பவில்லை. டிசம்பர் 7ஆம் தேதி மீனவர்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்தார்கள். தலைவர் வருவாரா, கூட்டணி என்ன சொல்லும் என்று காத்திருக்கவில்லை. அரசு பதில் சொல்ல இறங்கி வந்தது. தலித் மக்களும் கடல் மக்களும் ஒருவரை ஒருவர் தேடிப் போனால், தலைவர்கள் சமரசம் செய்வதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார்கள். முட்டத்தில் இந்தச் சொற்பொழிவை வைத்ததற்கு எங்களுக்கு இருக்கும் காரணமும் இதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1954ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஊர்வலத்தில் நம் சேரிகளிலிருந்து யார் போனார்கள், யார் அடிபட்டார்கள், யார் பெயர் எந்தப் பட்டியலிலும் வராமல் போனது என்பதை அவர்களிடம்தான் கேட்க முடியும். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் வீடுள்ள மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே அதைத் தொடங்குங்கள். எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த ஆண்டு இதே மேடையில் நீங்கள் படியுங்கள். கேட்க நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம்.